மீன் தொட்டிக்குப் பின்னால் நாலு விரக்கடை

மீன் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது? தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் ஃபில்டர் என்றால் 2 இன்ச் போதும். தொட்டிக்கு வெளியே தனிப் பெட்டியாக நின்று குழாய் வழியே இயங்கும் கேனிஸ்டர் என்றால் 3. பின்விளிம்பில் தொங்கும் ஹேங்-ஆன் ஃபில்டருக்கு 5, பெரிய மாடலுக்கு 6. பின்கண்ணாடியில் துளை போட்டுக் கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் இன்னொரு தொட்டி) வைப்பவர்கள் 6 இன்ச்சுக்குக் குறையவே கூடாது. சுருக்கமான பதில் இவ்வளவுதான்.

ஆனால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தொட்டி வாங்கி ஆட்டோவில் ஏற்றும்போது இந்தக் கேள்வி யாருக்கும் வருவதில்லை. வீட்டில் இறக்கி, அழகாக இருக்கட்டும் என்று சுவரோடு அணைத்து வைத்து, தண்ணீர் நிரப்பி, மீனும் விட்ட பிறகுதான் ஃபில்டரின் முதுகு சுவரில் இடிப்பது தெரியும். அதற்குள் 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடித் தொட்டியிலேயே 56 லிட்டர் ஏறியிருக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ. 4 அடிக்கு 1½ அடிக்கு 1½ அடித் தொட்டி என்றால் விளிம்பு வரை 255 லிட்டர். 10 மில்லிமீட்டர் கண்ணாடியின் எடை அதில் 50 கிலோவுக்கு மேல், மணல் கல் வகையில் இன்னும் 30, 40 கிலோ. அதை அரை இன்ச் நகர்த்த ஆள் கூப்பிட்டால் ஆள் வருவார்கள், தொட்டி தாங்காது. அதனால் இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டியது காலித் தொட்டியாக இருக்கும்போதுதான்.

முதலில், எதிலிருந்து எதுவரை அளப்பது? ஸ்டாண்டின் காலிலிருந்து அல்ல. தொட்டியின் பின்கண்ணாடி வெளிப்பக்கத்திலிருந்து, சுவரில் அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கும் இடம் வரை. நம் வீடுகளில் தரை ஓரமாக 4 இன்ச் உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஓடும். அது சுவரைவிட அரை இன்ச் வெளியே நிற்கும். ஸ்டாண்டை அதில் முட்டவிட்டுவிட்டு, "பின்னால் இடம் இருக்கே" என்று சொல்வது அந்த அரை இன்ச்சைத்தான். ஸ்டாண்டும் தொட்டியும் ஒரே அளவில் இருப்பதும் அபூர்வம். ஸ்டாண்ட் பின்னால் ஒரு இன்ச் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாலே போதும், கொத்தனாரின் தூக்குக்குண்டு வேண்டியதில்லை. பழைய வீடுகளில் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கும். தரையோ வாசலைப் பார்த்தோ அறைக்கோடியைப் பார்த்தோ வாட்டமாக இருக்கும், கழுவிவிட்டால் தண்ணீர் ஓட வேண்டும் என்று போட்டது. அந்த வாட்டம் சுவரை நோக்கி இருந்தால் கதை வேறு. 15 இன்ச் ஆழமுள்ள ஸ்டாண்டில் முன்காலைவிடப் பின்கால் 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 இன்ச் ஸ்டாண்டும் 18 இன்ச் தொட்டியும் சேர்ந்து 48 இன்ச் உயரம். மேல்விளிம்பு கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் சுவர்ப்பக்கம் சாய்ந்துவிடும். கீழே விட்ட இடைவெளி மேலே இருக்காது. ஃபில்டர் தொங்குவதோ மேலே.

ஹேங்-ஆன் ஃபில்டர் வைப்பவர்கள் பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவை நம்ப வேண்டாம். பல பெட்டிகளில் அளவே இருக்காது; இருந்தாலும் அது ஃபில்டரின் மொத்த அளவு, கண்ணாடிக்கு வெளியே எவ்வளவு நீட்டும் என்பது அல்ல. காலித் தொட்டியில் ஃபில்டரை மாட்டுங்கள். பின்னால் இருக்கும் சின்னத் திருகையோ கட்டையையோ சரிசெய்து நேராக நிற்க வையுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்திலிருந்து ஃபில்டரின் கடைசி முனை வரை ஸ்கேலால் அளந்து, அதோடு ஒரு இன்ச் கூட்டுங்கள். கூட்டும் முன் சின்ன ஃபில்டருக்கு 3 இன்ச் வரும், நடுத்தரத்துக்கு 4, பெரியதுக்கு 5. கூட்டிய ஒரு இன்ச் எதற்கென்றால், ஃபில்டர் சுவரைத் தொட்டாலே மோட்டாரின் அதிர்வு சுவரில் ஏறி ராத்திரி முழுக்க ர்ர்ர் என்று கேட்கும். அது போக, மோட்டார் பெட்டியின் அடியில் மாட்டியிருக்கும் மாடல்களில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய விரல் கீழே போக வேண்டும். ஃபில்டரைத் தூக்கி எடுக்கும்போதும் அது நேராக மேலே வராது. உறிஞ்சுகுழாய் தண்ணீருக்குள் இருப்பதால் பெட்டியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துத்தான் எடுக்க முடியும். அந்தச் சாய்வுக்கு இடம் இல்லையென்றால் மாதாமாதம் பண்ண வேண்டிய சுத்தம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிவிடும். மனிதனின் சோம்பலுக்கும் அந்த ஒரு இன்ச்சுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இன்னொரு சிக்கல், நம் ஊரில் கண்ணாடி வெட்டி ஒட்டித் தரும் தொட்டிகளுக்கே உரியது. மேல்விளிம்பில் உள்பக்கமாகச் சுற்றிலும் ஒன்றரை, இரண்டு இன்ச் அகலத்துக்குக் கண்ணாடிப் பட்டி ஒட்டியிருப்பார்கள். தண்ணீரின் அழுத்தத்தில் கண்ணாடி வெளியே பிதுங்காமல் இருக்க அது தேவை. ஆனால் ஹேங்-ஆன் ஃபில்டரின் வளைவு அந்தப் பட்டியைத் தாண்டி உள்ளே இறங்காது. வலிந்து மாட்டினால் ஃபில்டர் வெளிப்பக்கம் சாய்ந்தே நிற்கும். பெட்டியின் பின்விளிம்பு தாழ்ந்துபோய், உள்ளே பஞ்சு அடைத்துக்கொள்ளும் நாளில் தண்ணீர் தொட்டிக்குள் விழாமல் சுவர்ப்பக்கம் வழியும். பின்பட்டியில் ஃபில்டர் அகலத்துக்கு இடம் விட்டு ஒட்டச் சொல்வதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஒட்டிய பிறகு பட்டியை உடைத்து எடுக்கச் சொல்லாதீர்கள்.

கேனிஸ்டரில் இடம் பிடிப்பது பெட்டியல்ல, குழாய்தான். விளிம்பைத் தாண்டி வரும் கொக்கி வளைவு வெளியே ஒன்றரை இரண்டு இன்ச் நீட்டும். அதிலிருந்து இறங்கும் ஹோஸ் 16 மில்லிமீட்டரோ 22 மில்லிமீட்டரோ வெளிவிட்டம் உடையது. அதைச் சட்டென்று திருப்பினால் மடிந்து, ஓட்டம் பாதியாகிவிடும். ஹோஸைக் கையில் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள், மடிப்பு விழும் இடம் தெரியும். அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்கும்போது ரப்பர் மாதிரி வளையும் ஹோஸ், நாளாக ஆக விறைத்துப்போகும். கழற்றும்போது உருவ முடியாமல் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். அதனால் குழாய்களைத் தொட்டியின் நடுவில் இறக்காமல் ஒரு மூலையில் இறக்குவது புத்திசாலித்தனம். மூலை என்றால் பக்கவாட்டிலிருந்து கை எட்டும்.

சம்ப் வைப்பவர்களுக்கு ஒரு இன்ச் பிவிசி டேங்க் கனெக்டரும் எல்போவும் சேர்ந்தே கண்ணாடிக்கு வெளியே 3 இன்ச்சுக்கு மேல் பிடிக்கும். கனெக்டரின் நட்டைப் பிடித்துத் திருக மணிக்கட்டு உள்ளே போக வேண்டும். 6 இன்ச் என்று சொன்னது இந்த மணிக்கட்டுக்காக.

ஃபில்டரே பின்னால் இல்லை, உள்ளே ஸ்பாஞ்ச் மட்டும்தான் என்றாலும் ஏன் 2 இன்ச்? இங்கேதான் நம் கன்னியாகுமரி மாவட்டம் வருகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் நன்றாக நனைக்கும் இடம் இது. மேற்கு, தென்மேற்கு பார்த்த வெளிச்சுவர் ஒருமுறை ஈரம் குடித்தால் காய நாளாகும். அதன் உள்பக்கம் தொட்டியை ஒட்டி வைத்தால், வெளியே இருந்து வரும் ஈரமும் தொட்டியிலிருந்து ஆவியாகும் ஈரமும் அந்த ஒடுக்கில் சிக்கி, காற்று இல்லாமல் அங்கேயே நிற்கும். செங்கல்லிலும் பூச்சிலும் இருக்கும் உப்பு அந்த ஈரத்தில் கரைந்து மேலே வரும். தண்ணீர் ஆவியான பிறகு உப்பு மட்டும் பொரிந்து, பெயின்ட்டைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். சுவர் பூத்துப்போச்சு என்று நாம் சொல்வது இதைத்தான். கறுப்புப் பூஞ்சை அதற்கு அடுத்தபடி. சுவரை மறைக்க ஃப்ளெக்ஸ் ஷீட்டோ பிளாஸ்டிக் பாயோ அடிப்பவர்கள் உண்டு. அது கெடுதலே செய்யும். ஷீட்டுக்குப் பின்னால் ஈரம் அடைபட்டு, பார்வையிலிருந்து மறைந்து வளரும். முடிந்தால் அந்தப் பகுதியில் மட்டும் டைல்ஸ் ஒட்டலாம். எல்லாவற்றையும்விட, வெளிச்சுவரை விட்டுவிட்டு இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குளியலறைச் சுவர் நடுச்சுவர் ஆகாது.

குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி கடலோரத்தில் இரும்பு ஸ்டாண்டுக்கு உப்புக்காற்று எமன். முன்பக்கக் கால்களை நாம் துடைக்கிறோம், பெயின்ட் அடிக்கிறோம். பின்கால்கள் சுவரோடு ஒட்டியிருந்தால் வெல்டிங் வைத்த இடம் துருவேறி உதிர்வது வெளியே தெரியாது. ரெட் ஆக்சைடு இரண்டு கோட், மேலே எனாமல் இரண்டு கோட். தொட்டி ஏறும் முன்பே இதை முடித்து, அடியில் ரப்பர் புஷ் மாட்டிவிட வேண்டும். வைத்த பிறகு வருடத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பின்காலைப் பார்க்க இடைவெளி வேண்டும்.

மர ஸ்டாண்டுக்குக் கரையான். குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்துக்குப் பஞ்சமில்லை, ஸ்டாண்டும் மலிவாகச் செய்து வாங்கலாம். ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் மரம் செதலுக்கும் வண்டுக்கும் பூஞ்சைக்கும் சீக்கிரம் இரையாகும். ஈரச் சுவர், அதை ஒட்டிய பலகை, இருட்டு: கரையானுக்கு வேறென்ன வேண்டும்? சுவரிலிருந்து பலகைக்கு மண்புற்று இழுத்துக்கொண்டு நேரே ஏறிவிடும். நடுவே இடைவெளி இருந்தால் அது தரைவழியாகக் காலில் ஏற வேண்டும், அந்த மண்கோடு கண்ணில் படும். ப்ளைவுட் ஸ்டாண்டுகளில் பின்பலகையே வேண்டாம், திறந்து விடுங்கள்.

சரி, 2 இன்ச்சும் போதுமா? துடைப்பதற்குப் போதும், எடுப்பதற்குப் போதாது. நாலு விரலைச் சேர்த்து வைத்தால் வரும் நாலு விரக்கடை, சுமார் 3 இன்ச். உள்ளங்கையைக் குறுக்காக வைத்து முழங்கை வரை நுழைக்க அதுதான் குறைந்தபட்சம். பின்னால் விழாத பொருள் கிடையாது. தீனி விழும், எறும்பு வரும். ஏர் டியூப்பின் இணைப்பு கழன்று விழும். மூடி இல்லாத தொட்டியில் விரால், அரோவானா மாதிரி துள்ளும் மீன் பின்னால் விழுந்தால், முன்னால் விழுந்ததைப்போல உடனே தெரியாது. மறுநாள் நாற்றம்தான் சொல்லும். மழைக்காலத்தில் பூரான் தங்கும், பல்லி முட்டை வைக்கும். மூன்றடி நீள அரை இன்ச் பிவிசி குழாயின் முனையில் பழைய பனியன் துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டால் 2 இன்ச் இடுக்கிலும் துடைக்கலாம். ஈர்க்குவாரியலை விட்டுக் குடைய வேண்டாம், ஈர்க்கு ஏர் டியூப்பில் சிக்கி உருவிவிடும்.

பின்னால் ஒட்டும் படத்தாளுக்கும் இதே பேச்சு. தொட்டியை வைத்த பிறகு சுவர் இடுக்கில் கையை விட்டு ஒட்டினால் சுருக்கம் விழும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஒரு துளி புகுந்தாலும் திட்டாகத் தெரியும். ஸ்டாண்டில் ஏற்றும் முன் ஒட்டுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை, மீனின் நிறமும் எடுப்பாக இருக்கும்.

கரண்ட் விஷயத்தில் இடைவெளியை மட்டும் பார்த்தால் போதாது. தொட்டிக்கு நேர் பின்னால் பிளக் பாயின்ட் இருந்தால் அந்த இடத்தையே மாற்றுங்கள். அடாப்டர் பிளக் ஒன்று சுவரிலிருந்து 2, 3 இன்ச் நீட்டும், பின்னால் வழிகிற தண்ணீர் நேரே அதில்தான் இறங்கும். பிளக் பாயின்ட் தொட்டியின் பக்கவாட்டில், கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஐப்பசி இடிமழையில் மின்னல் வெட்டும்போது எல்லா பிளக்கையும் உருவிவிடுவது நம் ஊர் வழக்கம். தொட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் தேடும் நேரம் அல்ல அது. தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு நேராகப் போகாமல், பிளக்கைவிடக் கீழே ஒரு தொங்கலாக இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும். வயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிப்போகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்குப் பின்னால் தரையில் போடாதீர்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பது எல்லாவற்றுக்கும் மேலான காப்பு.

ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தொங்கினால், கரண்ட் போன நேரத்தில் தொட்டித் தண்ணீர் டியூப் வழியே திரும்பி பம்ப்புக்குள் இறங்கும். சைஃபன் பிடித்துவிட்டால் தரை முழுக்கத் தண்ணீர். சின்ன நான்-ரிட்டர்ன் வால்வ் ஒன்று தடுத்துவிடும். அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். இதைவிடத் திருட்டுத்தனமான ஒழுக்கு ஃபில்டர் பஞ்சினுடையது. பஞ்சின் ஒரு நுனி விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தால் போதும், விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல அது தண்ணீரை ஏற்றிச் சொட்டுச் சொட்டாகச் சுவர்ப்பக்கம் இறக்கும். கண்ணாடி உடைந்ததா, சிலிக்கான் விட்டதா என்று பதறித் தொட்டியைக் காலி செய்யும் முன் அந்த நுனியைத் தேடிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் பின்கண்ணாடியில் மேலிருந்து கீழே காய்ந்த தூசியை ஒரு விரலால் தடவிப் பார்த்தே ஒழுக்கு எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடலாம்.

அப்படியானால் தாராளமாக ஒரு சாண் விட்டுவிடலாமா? வேண்டாம். மாடியில் கான்கிரீட் தளத்தின் நடுவைவிட, சுவர் ஓரமும் பீமின் மேலும்தான் பாரம் தாங்கும் இடம். எவ்வளவு முன்னால் இழுக்கிறோமோ அவ்வளவு பாரம் தளத்தின் நடுவை நோக்கிப் போகிறது. மரத்தட்டு போட்ட பழைய மச்சில் இரண்டடிக்கு மேல் தொட்டியே வேண்டாம். இன்னொன்று, ஒரு சாண் இருந்தால் அங்கே குடை, பழைய பக்கெட், குழந்தையின் பந்து எல்லாம் குடியேறும். ஆறு இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வைக்கும் முறை இது. சுவருக்கு இணையாகத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஸ்டாண்டின் பின்கால்களை அதில் நிறுத்துங்கள். ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த காலுக்கு அடியில் அலுமினியத் தகடோ கெட்டி பிளாஸ்டிக்கோ கொடுங்கள். மரச்சில்லு ஈரத்தில் ஊதி, பிறகு நசுங்கிவிடும். மேலே அரை இன்ச் தெர்மோகோல் விரித்துத் தொட்டியை ஏற்றுங்கள். ஃபில்டர், மூடி, லைட் எல்லாவற்றையும் காலித் தொட்டியிலேயே மாட்டி, ஒருமுறை கழற்றியும் பாருங்கள். பிறகு கால்பங்கு தண்ணீர். நாலு மூலையிலும் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்தால் வித்தியாசம் 2, 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் கால்களைத் திருத்த வேண்டும், தண்ணீரோடு ஸ்டாண்டைத் தூக்கக் கூடாது. பாதியில் ஒருமுறை, நிரம்பிய பிறகு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை அளவெடுங்கள். பாரம் ஏறிய பிறகு கால்கள் கொஞ்சம் அமரும்.

ஏற்கெனவே ஒட்டி வைத்துவிட்டவர்கள் உடனே நகர்த்தக் கிளம்ப வேண்டாம். பக்கவாட்டில் 6 இன்ச் இடம் இருந்தால் ஹேங்-ஆன் ஃபில்டரைப் பின்கண்ணாடியில் இருந்து எடுத்துப் பக்கக் கண்ணாடியில் மாட்டலாம். ஓட்டம் தொட்டியின் நீளவாக்கில் போவதால் அழுக்கும் நன்றாக இழுக்கும். கேனிஸ்டர் குழாயையும் பக்கவாட்டில் இறக்கலாம். இரண்டுக்கும் இடமில்லையா, இரண்டடித் தொட்டிக்கு ஏர் பம்ப்பும் இரட்டை ஸ்பாஞ்சும் தாராளம்.

நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் பாதி தண்ணீரோடு தள்ளுவது மட்டும் வேண்டாம். 4 அடிக்கு 1½ அடித் தொட்டியில் 2 இன்ச் தண்ணீர் மிச்சமிருந்தாலே 28 லிட்டர். அதோடு கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். இழுக்கும்போது அடிக்கண்ணாடி முறுகி சிலிக்கான் மூலையில் விடும், அன்றைக்கே ஒழுகாமல் ஒரு வாரம் கழித்து ஒழுகும். மீனைத் தொட்டித் தண்ணீரோடு பக்கெட்டுக்கு மாற்றி ஏர் போடுங்கள். ஃபில்டர் பஞ்சையும் செராமிக் வளையத்தையும் அதே தண்ணீரில் ஊறவிடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் கழிவை உடைக்கும் பாக்டீரியா செத்து, மீன் திரும்பி வரும் தொட்டியில் அமோனியா ஏறும். கல்லை அள்ளி, தண்ணீரை முழுக்க இறக்கி, தொட்டியைத் தனியாகத் தூக்கித் தரையில் மெத்தைமேல் வைத்து, ஸ்டாண்டைத் தூக்கி நகர்த்துங்கள், இழுக்காதீர்கள். பழைய தெர்மோகோல் தொட்டியின் தடம் பதிந்து நசுங்கியிருக்கும். அதையே திருப்பிப் போடாமல் புதிதாக விரியுங்கள்.